சதவீதம் வேண்டாம், டன் சொல்லுங்கள்

2000-ல் உலகின் மொத்த மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு 38 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2024-ல் அது 35-க்கும் கீழே. "பார்த்தீர்களா, கரி ஒழிகிறது" என்று ஒரு வரைபடம் சுற்றுகிறது. அதே காலத்தில் உலகம் ஓராண்டில் எரிக்கும் நிலக்கரி சுமார் 470 கோடி டன்னிலிருந்து 880 கோடி டன் அருகே போய்விட்டது. "பார்த்தீர்களா, சோலார் எல்லாம் சும்மா" என்று இன்னொரு வரைபடம் சுற்றுகிறது. இரண்டிலும் பொய் இல்லை. பங்கு குறைவதும் அளவு குறைவதும் வேறு வேறு என்பதை மட்டும் இரண்டு தரப்பும் வசதியாக மறந்துவிடுகின்றன.

மொத்தக் கணக்கும் இப்படித்தான். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றும் சேர்ந்து 2000-ல் உலக ஆற்றலில் 86 சதவீதம் அளவுக்கு இருந்தன. 2023-ல் 81.5. ஆனால் மொத்தத் தேவை 400 எக்ஸாஜூல் (நாடுகளின் ஆற்றலை அளக்கும் பெரிய அலகு) அருகிலிருந்து 620-க்கு ஏறியதால், எரித்த அளவு கிட்டத்தட்ட பாதி கூடியிருக்கிறது. 1960-களின் நடுவில் எண்ணெய் நிலக்கரியை முந்தி முதலிடத்துக்கு வந்தது. அதற்காகக் கரி ஓய்வெடுக்கவில்லை. அன்று எரித்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இன்று எரிகிறது. இதுவரை உலகம் பார்த்ததெல்லாம் பழைய எரிபொருளின் மேல் புதியது வந்து உட்கார்ந்த கதைதான்.

நிஜமாகவே கரியை விட்ட நாடு உண்டா? உண்டு. 1882-ல் லண்டனில் முதல் கரி மின்நிலையத்தைத் தொடங்கிய பிரிட்டன், கடைசி நிலையமான ராட்கிளிஃபை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. காற்றாலை, எரிவாயு, 2013-ல் கொண்டுவந்த கார்பன் விலை (கரியமில வாயுவை வெளியிடுவதற்கான கட்டணம்) என்று காரணங்களை அடுக்குவார்கள். எல்லாம் சரி. அதிகம் பேசப்படாத காரணம், அங்கே மின்தேவையே 2005-ஐ ஒட்டி உச்சம் தொட்டுப் பிறகு இறங்கியது. புதிதாக வந்த ஒவ்வொரு யூனிட்டும் பழைய ஒரு யூனிட்டைத் தள்ளியது.

சீனாவில் அப்படி இல்லை. 2024-ல் மட்டும் 277 கிகாவாட் (ஒரு கிகாவாட் 1,000 மெகாவாட்) சோலார் போட்டார்கள். வேறெந்த நாடும் இந்த வேகத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. அங்கே ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுக்கு சுமார் 1,200 யூனிட் தரும். ஆக அந்த ஓராண்டுப் பேனல்களின் முழு விளைச்சல் 33,000 கோடி யூனிட் சொச்சம். அதே ஆண்டில் மின்நுகர்வு 6.8 சதவீதம் ஏறியது. யூனிட் கணக்கில் 60,000 கோடிக்கும் மேல். அதுவரை உலகம் கண்ட பிரம்மாண்டமான சோலார் ஆண்டு, ஒரு நாட்டின் தேவை வளர்ச்சியில் பாதியைத்தான் அடைத்தது. மீதியைக் காற்று, நீர், அணு எல்லாம் சேர்ந்து துரத்தியும் கரிக்கு வேலை மிச்சமிருந்தது. 2025-ன் முதல் பாதியில் சீனா, இந்தியா இரண்டிலும் அனல் மின் உற்பத்தி முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிடச் சற்று இறங்கியது. நல்ல அறிகுறிதான். ஆனால் இந்தியாவில் அதில் ஒரு பங்கு கோடை வெயில் தணிந்திருந்ததால் வந்தது. வெயில் மறுபடி ஏறினால் அந்தப் பங்கு திரும்பிவிடும்.

மெகாவாட் பற்றியும் ஒரு வார்த்தை. 1,000 மெகாவாட் சோலாரும் 1,000 மெகாவாட் அணு உலையும் ஒன்றல்ல. இந்திய வெயிலில் சோலார் தன் நிறுவுதிறனில் (முழு வீச்சில் தரக்கூடிய அளவில்) 22 சதவீதம் அளவுக்கு ஓடும் என்று வைத்தால் ஆண்டுக்கு 193 கோடி யூனிட். 85 சதவீதத்தில் ஓடும் அணு உலை 745 கோடி. "நிறுவுதிறனில் பாதி பசுமை" என்ற தலைப்புச் செய்தியைப் படிக்கும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். இந்தியா அந்தப் பாதியை 2025-ல் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு மின் உற்பத்தியில் நான்கில் மூன்று பங்கு கரியிலிருந்துதான் வந்திருந்தது.

சோலாரை நம்பாத எதிர்த்தரப்பு செய்யும் தப்பு இன்னும் நுட்பமானது. "இன்னும் 80 சதவீதம் புதைபடிவ எரிபொருள், இதை எப்போது மாற்றி முடிப்பது?" என்பார்கள். அந்த 80 சதவீதம் கொதிகலனுக்குள் போகும் வெப்பத்தின் கணக்கு. வெளியே வரும் வேலையின் கணக்கு அல்ல. 36 சதவீதத் திறனில் ஓடும் அனல் மின்நிலையம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.8 யூனிட் வெப்பத்தைத் தின்கிறது. மீதி குளிர்விப்புக் கோபுரத்திலும் புகைபோக்கியிலும் போகிறது. அந்த ஒரு யூனிட்டை சோலார் தந்தால், மாற்ற வேண்டியது ஒன்றுதான், 2.8 அல்ல.

மின்சாரக் காருக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் வெப்பம் இருக்கிறது. கார் 15 கிலோமீட்டர் ஓடும். அதே தூரத்துக்கு மின்சாரக் காருக்கு, சார்ஜ் இழப்பையும் சேர்த்து, 2.5 யூனிட் போதும். பிரமாதம். ஆனால் அந்த மின்சாரம் முழுக்கக் கரியிலிருந்து வந்தால்? கம்பியில் 15 சதவீதம் இழப்பு, நிலையம் தன் அரவை ஆலைக்கும் விசிறிகளுக்கும் பம்புகளுக்கும் எடுத்துக்கொள்ளும் 6, 7 சதவீதம், அதற்கு மேல் 36 சதவீதத் திறன். திருப்பிக் கணக்கிட்டால் எரித்த வெப்பம் 9 யூனிட்டுக்குச் சற்றுத்தான் குறைவு. எண்ணெய் இறக்குமதி குறைந்தது, நகரத்துக் காற்று தெளிந்தது, எரித்த வெப்பம் மட்டும் சரிக்குச் சரி. அதே காரை மதியம் 12 மணிக்கு சார்ஜ் போட்டால் கணக்கே மாறிவிடுகிறது. கார் எது என்பதைவிட எந்த மணி நேரத்து மின்சாரம் என்பதுதான் இங்கே பெரிய விஷயம்.

எண்ணெய் தீர்ந்துவிடும் என்ற பயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1980-ல் கையிருப்பைப் பயன்பாட்டால் வகுத்தால் 30 ஆண்டு வந்தது. 2020-ல் 53. கையிருப்பு என்பது அன்றைய விலையிலும் நுட்பத்திலும் எடுக்கக்கூடியது, அவ்வளவே. விலை ஏறினால் அதுவும் ஏறும். அமெரிக்க உற்பத்தி 1970-ல் உச்சம் தொடும் என்று அமெரிக்க நிலவியலாளர் ஹப்பர்ட் 1956-லேயே சொன்னார், பலித்தது. பிறகு ஷேல் பாறையை உடைத்தெடுக்கும் முறை வந்து, 2024-ல் பழைய உச்சத்தைவிட நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய்க்கும் அதிகமாக எடுத்தார்கள். உண்மையான சிக்கல் வேறு. பழைய எண்ணெய் வயல்கள் உச்சத்துக்குப் பின் ஆண்டுக்கு 5, 6 சதவீதம் வற்றுகின்றன. ஷேல் கிணறு முதல் ஆண்டிலேயே பாதிக்கும் மேல் இழக்கும். அதனால் தேவை ஒரு பீப்பாய்கூட ஏறாவிட்டாலும் துளையிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதலீட்டை நிறுத்தினால் நாளைக்கே தட்டுப்பாடு, தொடர்ந்து போட்டுத் தேவை இறங்கினால் நஷ்டம். எண்ணெய் நிறுவனங்களின் குழப்பமான அறிக்கைகளை இந்த இக்கட்டை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கணிப்புகளையும் அளவோடு நம்புங்கள். பன்னாட்டு ஆற்றல் முகமை 2023-ல் எண்ணெய்த் தேவை 2030-க்குள் உச்சம் தொடும் என்றது. 2025 அறிக்கையில் அந்தப் பாதையை வைத்துக்கொண்டே, இன்றைய சட்டங்கள் மட்டும் தொடர்ந்தால் 2050-ல் நாளொன்றுக்கு 11.3 கோடி பீப்பாய் என்ற இன்னொரு பாதையையும் போட்டது. இதே முகமைதான் பல ஆண்டுகள் சோலார் வளர்ச்சியைக் குறைத்துக் குறைத்து மதிப்பிட்டது. அவை 'இப்படி இருந்தால் இப்படி' என்ற கணக்குகள். ஜோசியம் போலப் பகிர்வது நம் ஆட்களின் வேலை.

கணிப்புக்குள் வராத ஒன்று பாகிஸ்தானில் நடந்தது. 2022-ல் உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பா எல்.என்.ஜி. (திரவமாக்கிய எரிவாயு) கப்பல்களை எந்த விலைக்கும் வாங்கியது. பாகிஸ்தானால் போட்டிபோட முடியவில்லை; மின்வெட்டு, பிறகு கட்டண உயர்வு. ஜனங்கள் சீனப் பேனல்களை வாங்கிக் கூரையில் ஏற்றினார்கள். 2024-ல் மட்டும் சுமார் 17 கிகாவாட் பேனல் இறக்குமதி, பெரும்பாலும் அரசுத் திட்டம் எதுவும் இல்லாமலே. விளைவு? பகலில் கிரிட்டின் விற்பனை சரிந்தது. தனியார் மின்நிலையங்களுக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் தர வேண்டிய நிலைக்கட்டணம் மட்டும் அப்படியே நின்றது. அது குறைந்த யூனிட்டுகளின் தலையில் விழ, கட்டணம் இன்னும் ஏற, வசதியுள்ளவர்கள் இன்னும் விலகினார்கள். பேனல் வாங்க முடியாதவன் கட்டணத்தைச் சுமக்கிறான். நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கிய கத்தார் எரிவாயு வேண்டாத சரக்காகிவிட்டது. பேனல் விலை இதே போக்கில் போனால் இது வேறு நாடுகளிலும் வரும்.

என் பார்வையில், கரி இனி டன் கணக்கில் குறையுமா என்பதை முடிவு செய்யப் போவது சூரியன் சாய்ந்த பிறகான நான்கைந்து மணி நேரம். இந்திய மின் சந்தையில் கோடையில் பல நாட்கள் மதியம் யூனிட் 2 ரூபாய்க்குக் கீழே கிடக்கிறது. மாலையில் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுகிறது. மதியம் மலிவாகக் கிடக்கும்போது கரி நிலையத்தை அணைத்தால் என்ன என்று கேட்கலாம். முழுக்கக் குளிர்ந்த கொதிகலனை மறுபடி ஏற்றப் பத்து மணி நேரம் போலாகும். மாலைக்கு வேண்டுமென்றால் மதியமும் அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும். குறைந்தபட்சம் 55 சதவீத சுமை என்பது நடப்பு விதி; 600 மெகாவாட் நிலையம் 330-க்குக் கீழே இறங்காது. இதை 40-க்கு, அதாவது 240-க்கு, இறக்கச் சொல்கிறார்கள். அங்கே கரித்தூளின் சுடர் நிலைக்காது. எண்ணெய் ஊற்றித் தாங்க வேண்டிவரும். யூனிட்டுக்கான கரிச் செலவு ஏறும். தினமும் சூடாகி ஆறுவதால் நீராவிக் குழாய்த் தலைப்புகளிலும் டர்பைன் ரோட்டரிலும் விரிசல் வரும். செய்ய முடியாததல்ல; பர்னர், கட்டுப்பாட்டுக் கருவிகள் மாற்றச் செலவு உண்டு. அந்தச் செலவை யார் தருவது என்பதில்தான் இழுபறி.

இன்னொரு வழி பேட்டரி. 1,000 மெகாவாட்டை மாலை 4 மணி நேரம் தர 4,000 மெகாவாட்-மணி வேண்டும். ஏற்றி இறக்கும்போது போகும் இழப்பு 14 சதவீதம் என்றால் பகலில் 4,650 ஊட்ட வேண்டும். அதற்கு, முன்பு சொன்ன 22 சதவீதக் கணக்கில், 880 மெகாவாட் சோலார். செல்கள் ஆண்டுதோறும் கொஞ்சம் தேயும் என்பதால் தொடக்கத்திலேயே கூடுதலாகப் போடுவார்கள், அல்லது இடையில் சேர்ப்பார்கள். நம் வெயிலில் குளிரூட்டலே கணிசமாகத் தின்னும். டெண்டரில் இதை மறப்பவர்கள் ஐந்தாம் ஆண்டில் மாட்டுவார்கள். ஆனாலும் விலை சரிந்துவிட்டது: 2010-ல் கிலோவாட்-மணிக்கு 1,000 டாலருக்கும் மேல் இருந்த பேட்டரித் தொகுப்பு 2024-ல் 115 டாலர். கலிபோர்னியாவில் 2024 ஏப்ரலில் மாலை நேரத்தில் பேட்டரிகள் 6 கிகாவாட்டுக்கு மேல் தந்து, சிறிது நேரம் கிரிட்டின் மிகப் பெரிய ஆதாரமாகவே இருந்தன.

தேவைப் பக்கம் எல்லாரும் டேட்டா சென்டர் பற்றியே பேசுகிறார்கள். 2024-ல் அவை தின்றது உலக மின்சாரத்தில் 1.5 சதவீதம். எனக்கு அதைவிடக் கவலை ஏ.சி. இந்தியரின் சராசரி நுகர்வு ஆண்டுக்கு 1,400 யூனிட் அளவில், சீனரின் நுகர்வு 7,000 அளவில் இருக்கிறது. அந்த இடைவெளி முதலில் நிரம்பப் போவது வெப்பமான இரவுகளில், அதாவது சரியாக சூரியன் சாய்ந்த பிறகான அந்த நேரத்தில். ஐந்து நட்சத்திர ஏ.சி. ஒன்று மூன்று நட்சத்திரத்தைவிட மிச்சப்படுத்தும் இரவு யூனிட்டுக்கு, மதிய சோலார் யூனிட்டைவிட மதிப்பு அதிகம்.

பேட்டரிக்கும் எல்லை உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் அடிக்கும் காற்றை மார்கழிக்கு அது கொண்டுபோகாது. ஜெர்மனியில் காற்றும் வெயிலும் இல்லாத குளிர்கால வாரத்துக்கும் அது போதாது. அந்தச் சில வாரங்களுக்கு, கட்டி முடித்த கரி நிலையங்களையே இருப்பில் வைத்து, ஓடாமல் இருப்பதற்கும் ஒரு தொகை கொடுப்பது புதிய நிலையம் கட்டுவதைவிட மலிவு. ஆண்டுக்குச் சில நூறு மணி நேரம் ஓடும் நிலையம் எரிக்கும் கரி, முழு ஆண்டும் ஓடுவதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நிறுவுதிறன் பட்டியலில் அது முழுசாகவே நிற்கும். எதிர்ப்பாளர்கள் அதைக் காட்டி "பாருங்கள், இன்னும் கரி" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.