பையைத் தூக்க வேண்டியது யார்?

கணவனும் மனைவியும் பிரிவதென்று முடிவானதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "குழந்தை யாரிடம்?" என்பதுதான். வக்கீலும் அதையே கேட்கிறார், சொந்தக்காரர்களும் அதையே கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. இனிமேல் இரண்டு வீட்டுக்கும் நடுவே பையைத் தூக்கிக்கொண்டு அலையப்போவது யார்?

இப்போது பல நாடுகளில் குழந்தை ஒரு வாரம் அம்மா வீட்டில், ஒரு வாரம் அப்பா வீட்டில் என்று மாறி மாறி வளர்கிறது. ஸ்வீடனில் இது வெகு சாதாரணம். பெல்ஜியத்தில் பெற்றோர் ஒத்துப்போகாமல் ஒருவர் கேட்டால், சரிபாதி ஏற்பாட்டைத்தான் நீதிமன்றம் முதலில் பரிசீலிக்க வேண்டும் என்று 2006இலேயே சட்டம் வந்துவிட்டது. சின்னக் குழந்தைக்கு ஒரு வாரம் ரொம்ப நீளம் என்று இரண்டு நாள், இரண்டு நாள், மூன்று நாள் எனப் பிரித்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டு பேரில் ஒருவரை முழுசாக இழப்பதைவிட இது எவ்வளவோ மேல். பெற்றோர் பிரிந்தாலும், தன் நலனுக்குக் கெடுதல் இல்லாதவரை, இருவரோடும் தொடர்ந்து நேரில் பழகுவது குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 9ஆவது பிரிவில் சொல்கிறது.

ஆனால் அந்த உரிமைக்காக அலைவதும் குழந்தைதான். கணக்கு நோட்டு அந்த வீட்டில், யூனிஃபார்ம் இந்த வீட்டில். கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையை எங்கே விட்டோம் என்று ராத்திரி நேரத்தில் அழுகை. பிரிவதென்று தீர்மானித்தது பெரியவர்கள். அலைச்சலையும் அவர்களே ஏற்றுக்கொள்ளட்டும்.

அதற்கு வழி இருக்கிறது. குழந்தை இருந்த வீட்டிலேயே இருக்கும். அம்மாவும் அப்பாவும் முறைவைத்து வந்து தங்கிவிட்டுப் போவார்கள். குஞ்சு கூட்டிலேயே இருக்க, தாய்ப் பறவையும் தந்தைப் பறவையும் வந்து போவதைப் போல என்று சொல்லி ஆங்கிலத்தில் இதற்கு 'நெஸ்டிங்' (கூட்டு முறை) என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2003இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு நீதிபதி இந்த ஏற்பாட்டை உத்தரவாகவே போட்டார். அதே பள்ளி, அதே படுக்கை, அதே பக்கத்து வீட்டுத் தோழர்கள். குழந்தையின் உலகத்தில் ஒரே நேரத்தில் எல்லாம் இடிந்து விழாது.

பணம் இடிக்கும், உண்மைதான். குழந்தையின் வீட்டுக்கு மேல் இருவருக்கும் தனித்தனி இடம் என்றால் மூன்று வாடகை. அதனால் வெளியே ஒரே ஒரு சின்ன இடத்தை எடுத்து, அதிலும் முறைவைத்துத் தங்குகிறார்கள். சிலர் தங்கள் முறை இல்லாத நாட்களில் பெற்றோர் வீட்டுக்கோ நண்பர் வீட்டுக்கோ போய்விடுகிறார்கள்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் சமையலறையில்தான் தொடங்குகிறது. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். ஒருவர் முறை முடிந்து கிளம்பும்போது பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது, துணி துவைக்காமல் குவிந்திருக்கிறது, ஃபிரிட்ஜ் காலி. அடுத்து வருபவர் முதல் நாள் முழுக்க அதைச் சரிசெய்கிறார். பெரும்பாலும் அது அம்மாவாகத்தான் இருக்கும். கல்யாணத்தில் எந்தச் சுமையால் அவள் நொந்து போனாளோ, அதே சுமை விவாகரத்துக்குப் பிறகும் தொடர்ந்தால் அது என்ன பிரிவு? தடுப்பூசி தேதி, பள்ளிக் கட்டணம், தீர்ந்துபோன மருந்து, சின்னதாகிப்போன செருப்பு எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பதும் வேலைதான். வீட்டை எந்த நிலையில் விட்டுப்போக வேண்டும், எந்தச் செலவு யாருடையது, எந்த நினைவு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். "நமக்குள் என்ன எழுத்து?" என்று நினைப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது.

அந்தரங்கம் இன்னொன்று. ஒரே அலமாரி, ஒரே படுக்கையறை. மேஜையில் மற்றவரின் கடிதம். புதுத் துணை யாராவது வாழ்க்கையில் வந்துவிட்டால் அந்த வீட்டுக்கு வரலாமா, கூடாதா? இதையும் முன்கூட்டியே பேசித்தான் ஆக வேண்டும். பேசுவதற்கே முடியாத அளவுக்குக் கசப்பு இருந்தால், இரண்டு வீடுதான் நல்லது. அடி, மிரட்டல், வேவு பார்ப்பது இதில் ஏதாவது இருந்த வீடு என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரே சாவி இருவரிடமும் இருப்பது அங்கே ஆபத்து. குழந்தைக்காகப் பொறுத்துக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு விஷயத்திலும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இது நிரந்தர ஏற்பாடு இல்லை. பள்ளி ஆண்டு முடியும்வரை, வீடு விற்கும்வரை என்று ஒரு எல்லை வேண்டும். எல்லை இல்லாவிட்டால் பெரியவர்கள் இரண்டு பேரும் புது வாழ்க்கையைத் தொடங்க முடியாமல் தொங்குவார்கள். குழந்தையோ, அம்மாவும் அப்பாவும் மறுபடி சேர்ந்துவிடுவார்கள் என்று காத்திருக்கும். அந்த நம்பிக்கையை வளரவிட்டுப் பிறகு உடைப்பது கொடுமை. "நாங்கள் சேர்ந்து வாழப்போவதில்லை, ஆனால் உனக்கு நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறோம், இந்த மாதம் வரைக்கும் இப்படி" என்று அதற்குப் புரியும் மொழியில், முடிந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அந்த எல்லை வரும்போது குழந்தையையும் கேளுங்கள். அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா என்று இல்லை; அந்தப் பாரத்தை அதன் தலையில் வைக்காதீர்கள். எந்த நாளில் மாறுவது வசதி, எந்தப் பொருள் இரண்டு வீட்டிலும் வேண்டும், ஒருவரோடு இருக்கும்போது எத்தனை நாளில் மற்றவரை மனசு தேடுகிறது என்று கேளுங்கள். பதிமூன்று வயதுப் பிள்ளை சொல்லும் பதில், ஆறு வயதில் சொன்னதாக இருக்காது. அப்போது அட்டவணையை மாற்றுங்கள்.