வந்து விசாரித்தார்கள், பதில் மட்டும் வரவில்லை

அக்காவின் மகன் இங்கே திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். நேர்முகத்தில் தேறிவிட்டான். "பாதுகாப்புக் கிளியரன்ஸ் வரட்டும் தம்பி" என்றார்கள். எட்டு மாதமாகிறது. அவனோடு தேறிய இருவர் போன மாதமே வேலையில் சேர்ந்துவிட்டார்கள்.

இடையில் ஒரு நாள் சிவில் உடையில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அல்ல. எதிர்வீட்டு மாமியிடம், பிறகு சந்திக் கடைக்கு. வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள், காசு வருகிறதா, 2006இல் இந்தக் குடும்பம் எங்கே இருந்தது? 2006இல் அவனுக்கு மூன்று வயது. எங்கள் பெரியண்ணன் கனடாவில் எந்த ஊர் என்று மாமிக்குத் தெரியாது. கேட்டவுடன் ஏதோ ஒரு ஊரைச் சொல்லியிருக்கிறா. அதையும் எழுதிக்கொண்டு போனார்களாம்.

சோதிக்கவே கூடாது என்று சொல்ல நான் விசரன் இல்லை. கடற்படைத் தளமும் சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்களும் உள்ள ஊர் இது. கோணேசர் கோயிலுக்கே இராணுவம் இருக்கும் பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் போகிறோம். யுத்த காலத்தில் அப்பா கடலுக்குப் போக ஒரு பாஸ் வைத்திருந்தார், மூலை மடிந்து உப்பேறிய மட்டை. அவமானம்தான். ஆனாலும் போக முடியாத நாளில் முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

2014இல் பயங்கரவாதத் தொடர்பு என்று 424 பேரின் பெயர்களைத் தடைப்பட்டியலாக அரசு வர்த்தமானியில் போட்டார்கள். அதில் எத்தனையோ குளறுபடி. 2015 நவம்பரில் 267 பேரை நீக்கினார்கள். பெயர் அச்சில் இருந்ததால் ஆட்சேபிக்கவாவது முடிந்தது. மருமகனின் பெயர் எந்த வர்த்தமானியிலும் இல்லை, மறுப்புக் கடிதமும் இல்லை. அவன் எதை எதிர்த்து முறையிடுவது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் தேசிய பாதுகாப்பைக் காட்டித் தகவலை மறுக்கலாம். சரி, மறுக்கட்டும். ஆனால் மறுப்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும். ஆணைக்குழு வரை மேன்முறையீடு போகலாம். வேலைக்கான விசாரணைக்கும் அந்த அளவாவது வேண்டாமா? யார் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கிடைக்காது, இன்ன காரணம், இன்னாரிடம் முறையிடு என்று ஒரு வரி போதும். மாமி சொன்ன பிழையான ஊர்தான் காரணமென்றால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாமே!

தகவல் கேட்கும் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான்.

"கேட்டதையும் எழுதி வைப்பாங்கள் மாமா."