வில்லன் சட்டையை மட்டும் ஒருமுறை பாருங்கள்

சின்ன பட்ஜெட் படங்களின் ஷூட்டிங்கில் நடிகரின் டி-ஷர்ட்டில் லோகோ தெரிந்தால் போதும், யாராவது கறுப்பு டேப்போடு ஓடிவருகிறார்கள். கேஸ் போட்டுவிடுவார்களாம். நெஞ்சில் டேப் ஒட்டிய டெலிவரி பையன் ஃப்ரேமுக்குள் வந்தால் அவன் முகத்தை யார் பார்ப்பார்கள்?

என் கட்சி இதுதான்: லோகோ தெரிவதற்குப் பயப்பட வேண்டாம். அதைப் போட்டிருப்பவன் கதையில் என்ன செய்கிறான் என்று பாருங்கள்.

2023-இல் ‘ஜெயிலர்’ படத்துக்கு நடந்தது நினைவிருக்கும். கூலிக்குக் கொலை செய்யும் ஒருவன் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணைப் பற்றிக் கேவலமாகப் பேசுவான். அணி நிர்வாகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இரு தரப்பும் பேசி முடித்து, ஜெர்சியின் நிறங்களையும் ஸ்பான்சர் பெயர்களையும் மாற்றப் படத் தரப்பு ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 1 முதல் பழைய வடிவில் தியேட்டரில் ஓடக்கூடாது என்று உத்தரவு. டிவிக்கும் ஓடிடிக்கும் அதே கதைதான். அதே ஜெர்சியை ஒரு காலேஜ் பையன் மேட்ச் பார்க்கும் காட்சியில் போட்டிருந்தால் யார் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள்? இன்னொன்று, அவர்கள் பெரிய கம்பெனி, கிராஃபிக்ஸில் மாற்றிவிட்டார்கள். நாம் அப்படி மாற்ற உட்கார்ந்தால் போஸ்டர் ஒட்டக் காசு மிஞ்சாது.

1999-ஆம் வருட வணிகச் சின்னச் சட்டத்தின் 29(4) பிரிவும், பெயர்பெற்ற சின்னத்தின் மதிப்பு தக்க காரணமில்லாமல் கெடுகிறதா என்பதையும் பார்க்கிறது. அமெரிக்காவில் ‘ஹேங்ஓவர் 2’ படத்தில் வந்த பை போலி என்று லூயி விட்டான் வழக்குப் போட, 2012-இல் நியூயார்க் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நம் ஊர்ப் பாத்திரங்கள் போடுவதும் பாதி போலிதானே! ரங்கநாதன் தெரு நடைபாதையில் ஓர் எழுத்து கூடுதலாக அச்சடித்த டி-ஷர்ட் வாங்குகிறவனுக்கு ஒரிஜினலை மாட்டிவிட்டால் கதையே பொய்யாகிவிடும். போலியே இருக்கட்டும். அதை க்ளோசப்பில் காட்டி, பிராண்டு பெயரைச் சொல்லி வசனத்தில் கிண்டலடிப்பதை மட்டும் தவிர்க்கலாம்.

உண்மையான தலைவலி கோர்ட்டுக்கு வெளியே இருக்கிறது. படத்தை வெளிநாட்டில் விற்கப் போனால் ஓடிடிக்காரர்கள், யாராவது படத்தின் மேல் கேஸ் போட்டால் நஷ்டத்தை ஏற்கிற இன்ஷூரன்ஸ் கேட்பார்கள். இன்ஷூரன்ஸ்காரரிடம் சட்ட நியாயம் பேசிப் பயனில்லை. சந்தேகம் வந்தாலே ‘ப்ளர் பண்ணுங்க’ என்பார். அதனால் காஸ்ட்யூம் ட்ரையல் நாளிலேயே எல்லா உடைகளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரவுடி, குடிகாரன், பெண்களிடம் வம்பு செய்கிறவன், இவர்களுக்கு மட்டும் திருப்பூர் ப்ளெயின் சட்டை. மற்றவர்கள் வீட்டிலிருந்து போட்டு வந்ததையே போடட்டும்.

போஸ்டர் விஷயத்தில் மட்டும் நான் கட்சி மாறிவிடுவேன். அது விளம்பரம். ஹீரோ நெஞ்சில் பெரிதாக ஒரு பிராண்டு நின்றால் அந்தக் கம்பெனிதான் ஸ்பான்சர் என்று பார்க்கிறவர்கள் நினைக்க இடமிருக்கிறது. அங்கே தயங்காமல் அழித்துவிடுங்கள், ஒரே ஒரு போட்டோதானே.