விண்டோஸ், லினக்ஸ், மேக்: கொழிஞ்சாம்பாறையில் இருந்து ஒரு சர்வீஸ்காரன் கணக்கு

கொஞ்ச நாளைக்கு ஒருமுறை முகநூலில் இந்தச் சண்டை கிளம்பிவிடுகிறது. ஒருத்தர் "விண்டோஸ் குப்பை, எல்லாரும் லினக்ஸுக்கு மாறுங்க" என்று எழுதுவார். கீழேயே இன்னொருத்தர் "லினக்ஸெல்லாம் வேலையத்தவன் விளையாட்டு" என்பார். மூன்றாமவர் மேக்புக் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மூன்று பேருமே ஆளுக்கு ஒரு ஓஎஸ்ஸை (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) தாண்டி எதையும் தொட்டதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

என் கடை கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. பேச்சு தமிழ், ஆபீஸ் காகிதம் மலையாளம், வேலந்தாவளம் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. ஜெராக்ஸ், டிடிபி (அச்சுக்குப் பக்கம் வடிவமைப்பது), கம்ப்யூட்டர் சர்வீஸ் எல்லாம் ஒரே ஷட்டருக்குள். ரெண்டு மாநிலத்துப் பிள்ளைகளும் வருவார்கள். அதனால் "லினக்ஸ் கஷ்டம்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

கேரளத்தில் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் 2001ல் வந்தது. அடுத்த சில வருஷங்களிலேயே அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறிவிட்டன. 2017ல் அதுவே 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து அவர்கள் தயாரித்துக் கொடுக்கும் ஓஎஸ்தான் இன்றைக்கும் பள்ளி லேப்டாப்பில் ஓடுகிறது. பத்தாம் வகுப்பு ஐடி பரீட்சையும் அதில்தான். எங்கள் பக்கத்துத் தமிழ் மீடியம் பிள்ளைகளும் ஜிம்ப், இங்க்ஸ்கேப் (படம் செய்ய), ஜியோஜீப்ரா (கணக்குக்கு), லிப்ரே ஆபீஸ் (ஆபீஸ் வேலைக்கு) என்றுதான் வளர்கிறார்கள். ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வரும் எட்டாம் கிளாஸ் பிள்ளை என் விண்டோஸ் மெஷினில் உட்கார்ந்து, "அண்ணா, ஜிம்ப் எங்கிருக்கு? இதுல வெறும் பெயிண்ட்தான் இருக்குது" என்று கேட்கும். சி டிரைவ், டி டிரைவ் என்று ஏன் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது அதற்குப் புரியவே புரியாது. யோசித்துப் பார்த்தால் எனக்கும் புரியவில்லை!

அந்தப் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டில் 2011ல் விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சிடாக் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸின் வழி வந்தது, மோசமானதும் இல்லை. ஆனால் ஆன் பண்ணினால் எது வேண்டும் என்று கேட்டு ஒரு கறுப்புத் திரை சில விநாடி நிற்கும். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன்கள் என்னிடம் கொண்டுவந்தது அந்தத் திரையை எடுக்கத்தான். "அந்த ரெண்டாவது ஐட்டத்தைத் தூக்கிருங்ணா, படம் வைக்க எடம் பத்தலை." மாமன் மகன் இந்தப் பக்கம், அத்தை மகன் அந்தப் பக்கம் என்று ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் இவர்கள். மூளையில் என்ன வித்தியாசம் இருக்கப்போகிறது? இங்கே வாத்தியாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகம் போட்டார்கள், மார்க் வைத்தார்கள். அங்கே லேப்டாப்பைக் கையில் கொடுத்ததோடு சரி. எளிது, கஷ்டம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி, முதலில் எதில் கை பழகியது என்பதுதான்.

சரி, அடிக்கடி மக்கர் பண்ணாமல் நிற்பது எது?

விண்டோஸ் 98 காலத்து நீலத் திரையை நினைத்துக்கொண்டு இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. அதெல்லாம் பழைய கணக்கு. 2001ல் எக்ஸ்பி வந்தபோதே வீட்டு விண்டோஸின் அஸ்திவாரம் மாறிவிட்டது. இன்றைக்கு விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றின் உள்கருவும் உறுதியானதுதான். லினக்ஸ் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒன்று சொல்கிறேன்: 2017 நவம்பரில் இருந்து, உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அதே லினக்ஸ் உள்கருதான், கெர்னல் என்பார்கள்.

அப்புறம் ஏன் மெஷின் நிற்கிறது? "விண்டோஸ் 10 ஹேங் ஆகுது" என்று வந்தால் நான் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறப்பேன். சிபியு பத்து சதவீதம்கூட இருக்காது, ராமில் பாதி காலியாக இருக்கும், டிஸ்க் மட்டும் சிவந்துபோய் நூறில் நிற்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலாத சிப் வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி போட்டால் அதே விண்டோஸ் ஓடும் பாருங்கள், குதிரை!

இன்னொன்று கிராக், அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு. எங்கள் ஊரில் பத்து இருபது வருஷமாக ஓடுவது மைக்ரோசாஃப்ட் செய்த விண்டோஸே கிடையாது. யாரோ அறுத்து ஒட்டி பென் டிரைவில் கொடுத்தது. ஆக்டிவேட்டரை ஓட்ட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், அணைத்தது அணைத்தபடியே கிடக்கும், அப்டேட்டையும் நிறுத்தி வைப்பார்கள். பிறகு வைரஸ் வந்தால் "விண்டோஸ் சரியில்லை" என்று பேச்சு. எனக்கு விண்டோஸ் மேல் பெரிய பாசம் இல்லை. ஆனாலும் இந்தப் பழியை அதன் தலையில் போடுவது அநியாயம்.

லினக்ஸும் விழும். விடிய விடிய மழை, கரண்ட் போய்ப் போய் வரும், யுபிஎஸ் பேட்டரி செத்து மாசக்கணக்காகியிருக்கும். காலையில் ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை. எதை அமுக்கினாலும் நகராது. தெரிந்தவனுக்கு 'எஃப்எஸ்சிகே' என்று ஒரே ஒரு வரி, டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்து வந்துவிடும். தெரியாதவனுக்கு அது செத்த மெஷின். இதே இடத்தில் விண்டோஸ் தானாகவே சரிபார்க்கப் பார்க்கும், சில சமயம் அதுவே ரிப்பேர், ரீஸ்டார்ட் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். என் அனுபவத்தில் லினக்ஸ் குறைவாக விழுகிறது, விழுந்தால் ஆள் தேடவேண்டியிருக்கிறது. அந்த ஆள் பக்கத்துத் தெருவில் இருந்தால் லினக்ஸ் நல்லது, இல்லையென்றால் இல்லை.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு என் முகநூல் பக்கத்தில் ஒரே லினக்ஸ் மீம் மழை. ஆனால் காரணம் விண்டோஸ் இல்லை. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோளாறான அப்டேட். கெர்னல் வரைக்கும் உள்ளே விடப்பட்ட ஒன்று சறுக்கியது, வீடே சரிந்தது. உள்ளே யாரை விடுகிறோம் என்ற பிரச்சினை எந்த ஓஎஸ்ஸுக்கும் உண்டு.

இப்போது என் கடைக்கே வருகிறேன். லினக்ஸை இவ்வளவு புகழும் நான் கவுண்டரில் விண்டோஸ்தான் வைத்திருக்கிறேன். ஏன்?

பிரிண்டர். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சின்ன வெள்ளை லேசர் பிரிண்டர், பெயர் வேண்டாம். இரும்பு மாதிரி உழைக்கும். லினக்ஸில் போட்டால் முதல் பக்கம் வரும், ரெண்டாவது பக்கம் வரிசையில் நிற்கும், மூன்றாவதுக்குக் கேபிளைப் பிடுங்கிச் சொருகவேண்டும். ஓணத்துக்கு முந்தின வாரம் நோட்டீஸோடு ஆட்கள் வரிசை கட்டி நிற்கும்போது இதெல்லாம் ஆகாது. புது மாடல்களில் நிறைய, டிரைவரே இல்லாமல் லினக்ஸில் அச்சடிக்கின்றன, அதையும் சொல்லவேண்டும். ஆனால் நன்றாக ஓடும் பிரிண்டரை ஓஎஸ்ஸுக்காக யார் மாற்றுவார்கள்?

அடுத்தது பேஜ்மேக்கர், பக்கம் வடிவமைக்கும் விண்டோஸ் மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001ல். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி, அவர்கள் பத்திரிகையையும் அதிலேயே அடிக்கிறோம். எழுத்துரு என்றால் தமிழுக்குப் பாமினி, வானவில். மலையாளத்துக்கு எம்எல் டிடி கார்த்திகா. எதுவும் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டில் இல்லை. பழைய ஃபைலைத் திறந்து மாப்பிள்ளை பெயரை மட்டும் மாற்றவேண்டும் என்றால் அதே எழுத்துரு, அதே மென்பொருள் வேண்டும். லினக்ஸில் இதே வேலைக்கு ஸ்க்ரைபஸ் இருக்கிறது. ஆனால் நம் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி அதன் நிலையான பதிப்பில் 1.6ல்தான் வந்தது, அதாவது 2024 ஜனவரி. அதுவரை கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும். நம் ஊர் அச்சுக்கடைக்காரன் அத்தனை வருஷம் காத்திருக்க முடியுமா?

விரல்ரேகை மெஷினும் அப்படித்தான். எனக்குக் கிடைத்த மென்பொருள் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் மட்டும்.

ஆக, என்னைக் கட்டிப்போட்டிருப்பது விண்டோஸ் இல்லை, அதைச் சுற்றி இருபது வருஷமாகச் சேர்ந்த சாமான்கள். தமிழ் தட்டச்சில் இந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது என்பது ஒரு சந்தோஷம். முன்பு இ-கலப்பையையோ என்எச்எம் ரைட்டரையோ தனியாக இறக்கவேண்டும். இப்போது தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, மேக்கில் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது, லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாக ரெண்டு நிமிட வேலை.

மேக் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. கல்யாண ஆல்பம் செய்கிற பொள்ளாச்சி நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார், எந்தத் தொல்லையும் இல்லை என்கிறார், நம்புகிறேன். பெட்டியையும் ஓஎஸ்ஸையும் ஒரே கம்பெனி செய்தால் தொல்லை குறையத்தான் செய்யும். விலை அவரவர் பாடு. இன்டெல் சிப் போட்ட பழைய மேக்குகளுக்கு 2025ல் வந்த மேக் ஓஎஸ் 26ஆம் பதிப்புதான் கடைசி என்று ஆப்பிளே சொல்லிவிட்டது, செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. 11 போடலாம் என்றால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை சிப்பும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் நாலாம் தலைமுறை ஐ3. நல்ல மெஷின்கள், குப்பையில் போட மனசு வராது. பிரவுசர், யூடியூப், பிள்ளைகளின் படிப்பு என்றால் ஒரு எஸ்எஸ்டியைப் போட்டு லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஏற்றிக் கொடுக்கிறேன். கேரளத்துப் பிள்ளை இருக்கும் வீடு என்றால் யோசிக்கவே மாட்டேன், அது எனக்கே சொல்லிக்கொடுக்கும். டேலி (கணக்கு மென்பொருள்), பேஜ்மேக்கர், விரல்ரேகை என்று வருபவர்களிடம் விண்டோஸை மாற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன், மெஷினை மாற்றவேண்டி வந்தாலும் பரவாயில்லை.

மெசேஜில் கேட்கப்போகிறவர்கள் "எந்த ஓஎஸ் நல்லது" என்று மட்டும் கேட்காமல், பிரிண்டர் மாடல், ராம் எவ்வளவு, அந்த மெஷினில் யார் உட்காருவார்கள், மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். ராத்திரி கடை சாத்தியபின் பதில் போடுகிறேன்.