வாசல் கதவு மாற்றிய கதை

போன வருஷம் ஐப்பசி மழையில் அம்மா கூடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. 108 வண்டி சீக்கிரமே வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பிகள் இருவரும் எங்கள் வாசல் கதவுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்கள்.

எங்களுடையது அந்தக்கால இரட்டைக் கதவு. அப்பா 1986இல் வீடு கட்டும்போது போட்டது. வேப்பமர நிலை, பூவரசங்கதவு. அன்றாடம் வலது கதவை மட்டும்தான் திறப்போம். இடது கதவு மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு நிற்கும்; பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது திறந்தால் உண்டு. ஒற்றைக் கதவைத் திறந்தால் கிடைக்கிற வழி ஒன்றரை அடிக்கும் குறைவு. ஸ்ட்ரெச்சர் நுழையாது. மேல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஒரு வாரமாக விடாமல் பெய்த மழையில் கதவு உப்பி நிலையோடு கவ்விக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டு ஏறி, சுத்தியலால் அடித்து, தாழ்ப்பாள் ஆணியோடு பிய்ந்து வந்த பிறகுதான் கதவு திறந்தது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷமும் அம்மா உள்ளே முனகிக்கொண்டிருந்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அடுத்த பாடம். சக்கர நாற்காலி நான்கு அங்குல நிலைப்படியில் முட்டி நின்றது. இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டியிருந்தது. பிசியோதெரபிக்குப் போகும்போதெல்லாம் இதே கதைதான். பக்கத்து வீட்டுத் தம்பி வேலைக்குப் போவதற்குள் கிளம்பியாக வேண்டும். நிலையின் கால் பக்கத்தைக் கரையான் அரித்திருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. சரி, கதவை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

மாசி, பங்குனி இரண்டு மாதமும் தஞ்சாவூர், பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை என்று கடைகடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் முதலில் காட்டுவது செதுக்கல்தான். கஜலட்சுமி, அன்னம், மயில், மாங்காய்க் கொத்து. அடுத்த கேள்வி பட்ஜெட். "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், வயசானவர்கள் இருக்கிறார்களா, கதவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, மழை நேராக அடிக்குமா?" என்று ஒரு கடையிலும் யாரும் கேட்கவில்லை. தெருவில் போகிறவர் பார்க்கும் பொருளாகத்தான் வாசல் கதவை விற்கிறார்கள், நாமும் அப்படித்தான் வாங்குகிறோம். தினம் இருபது தடவை அதைத் திறந்து மூடுகிறவரை யாரும் நினைப்பதில்லை. எனக்கு இதில்தான் கோபம்.

செதுக்கல் வேலையை நான் குறை சொல்லவில்லை. காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளின் நிலையைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. அது பர்மா தேக்கில், உளி பிடித்த கை மாதக்கணக்கில் இழைத்த வேலை. இன்று கடையில் இருப்பதில் பெரும்பாலானது மெஷின் கடைந்தது. எந்த மரத்தில் கடைந்திருக்கிறது என்று பாருங்கள், அதுதான் முக்கியம். ஒரு கதவின் அன்னத்தில் பாதி கழுத்து பழுப்பாகவும் பாதி கழுத்து வெளுப்பாகவும் இருந்தது. அந்த வெளுப்பைத்தான் ஆசாரிகள் "வெள்ளை" என்பார்கள், மரத்தின் வெளிப்பகுதி. தேக்குக்குக் கரையான் வராது என்று நாம் சொல்வதெல்லாம் நடுவில் இருக்கும் முற்றிய பகுதிக்கு, அதாவது வைரத்துக்குத்தான் பொருந்தும். வெள்ளையை அது சாதாரண மரம் போலத் தின்றுவிடும். சாயம் ஏற்றிவிட்டால் வைரமும் வெள்ளையும் ஒரே நிறமாகிவிடும். அதனால் பாலிஷ் போடாத கதவைத்தான் பார்க்க வேண்டும். பாலிஷ் போட்டதுதான் இருக்கிறது என்றால் கதவின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே யாரும் சாயம் பூசுவதில்லை.

அப்புறம் இந்த "பர்மா தேக்கு" பேச்சு. முழுத் தடிகளை ஏற்றுமதி செய்வதை மியான்மர் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. அறுத்த மரமாக வந்தால்தான் உண்டு. இன்று மரம் விற்கும் டிப்போக்களில் கிடக்கும் தடிகளில் கானா, நைஜீரியா, ஈக்வடார் என்று எங்கெங்கிருந்தோ வந்தவை நிறைய. அவையும் தேக்குதான், நல்லதும் இருக்கும். ஆனால் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்கும் முன் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம், பில்லில் எழுதித் தரச் சொல்லலாம்.

மரம் காய்ந்ததா என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி. ஈரம் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று ஆன்லைனிலேயே கிடைக்கிறது. எங்கள் ஆசாரி ஒன்று வைத்திருக்கிறார். இரண்டு முள்ளை மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும். 12ஐ ஒட்டி இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். ஒரு டிப்போவில் "நல்லா காஞ்ச மரம்" என்று எடுத்துக் காட்டிய பலகை 24 காட்டியது. அதில் கதவு செய்து மாட்டினால் சித்திரை வெயிலில் சுருங்கி இடைவெளி விடும், ஐப்பசியில் உப்பி முட்டும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலவாக்கில்தான் ஏறி இறங்கும்.

எங்களுக்கு ஒரு வழி வீட்டிலேயே கிடைத்தது. அப்பா கொல்லையில் வேலியோரம் வைத்த இரண்டு தேக்கும் 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்துவிட்டன. எங்கள் பக்கம் தேக்கு புதிதல்ல. கல்லணைக் கால்வாய்க் கரையெல்லாம், நாங்கள் புதுஆறு என்போம், வனத்துறை வைத்த தேக்கு வரிசையாக நிற்கும். அதைப் பார்த்துத்தான் அப்பாவும் கன்று வைத்தார். சாய்ந்த மரத்தை விற்க மனசு வராமல் மில்லில் கொடுத்து அறுத்து, பலகைக்குப் பலகை குச்சி கொடுத்து மாட்டுக்கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தோம். ஆசாரி வந்து பார்த்தார், எழுபதை நெருங்குகிறவர். "முப்பது வருஷத்து மரம் கூட இல்ல தம்பி, வெள்ளை நிறைய இருக்கும். வைரமா பொறுக்கி எடுத்தா ஒரு கதவுக்குத் தேறும், நிலைக்குத் தேறாது" என்றார். அதுதான் நடந்தது. கதவு எங்கள் மரம், நிலை கடையில் வாங்கியது.

அவர் கேட்ட முதல் கேள்வியே, "அம்மாதானே கதவத் தொறப்பாங்க, எந்தக் கை?" என்பதுதான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எந்தக் கையால் திறப்பார், கதவு எந்தப் பக்கம் போனால் இடிக்காது என்று அம்மாவையே நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கீல் எந்தப் பக்கம் என்று முடிவு செய்தார்.

அளவு விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. மூன்றரை அடி வாசல் என்றால் அது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கமும் நான்கு நான்கு அங்குலம் சட்டம் போய், திறந்து நிற்கும் கதவின் கனமும் போனால், நடக்கக் கிடைப்பது இரண்டே முக்கால் அடிகூட இல்லை. சக்கர நாற்காலி தாராளமாகப் போக 900 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட மூன்று அடி சுத்தமான வழி வேண்டும். நாங்கள் வெளி அளவே நாலே கால் அடி வைத்து ஒற்றைக் கதவாகப் போட்டோம். மரக்கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். அங்குலத்தில் அகலத்தையும் கனத்தையும் பெருக்கி, அடியில் நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. ஐந்துக்கு நான்கு அங்குலச் சட்டம் 18 அடி என்றால் இரண்டரை கன அடி. இது தெரிந்தால் டிப்போவில் யாரும் கூட்டிச் சொல்ல முடியாது.

நிலைப்படிக்குத்தான் வீட்டில் பெரிய பேச்சு. உறவில் சிலர், "வாசப்படி இல்லாத வீடா, மஞ்சள் குங்குமம் எங்க வைப்பீங்க?" என்றார்கள். அந்த வருத்தம் எனக்கும் புரிந்தது. சின்ன வயசிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அந்தப் படியைத் துடைத்து மஞ்சள் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடைசியில் அம்மாவே முடித்து வைத்தார். "நான் தாண்ட முடியாத படிக்கு நான் எப்படிடா மஞ்சள் பூசறது?" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ஆசாரி மரப்படிக்குப் பதில் கருங்கல் பட்டை ஒன்றைத் தரையோடு பதித்து, அரை அங்குலம் மட்டும் எழும்ப விட்டு, வெளிப்பக்கம் லேசாகச் சரித்துக் கொடுத்தார். நிலைக்கால்கள் அந்தக் கல்லின் மேல் கம்பி செருகி நிற்கின்றன. மழைத்தண்ணீர் உள்ளே வராது, கரையானும் நேராக மரத்தில் ஏற முடியாது. நிலை வைத்த அன்று வழக்கம்போல நவதானியமும் காசும் கல்லுக்கு அடியில் போட்டோம். இப்போது அம்மா உட்கார்ந்தபடியே அந்தக் கல்லில் மஞ்சள் வைக்கிறார்.

கதவு வேலையை ஆசாரி செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கதவுச் சட்டத்தின் உட்பக்கம் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, பலகையை அதில் செருகினார். பசை போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, பலகையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஒரு நூல் அளவு அசைந்தது. "மழைக்கு உப்பினா உள்ளேயே உப்பிக்கட்டும், சட்டத்தத் தள்ளாது" என்றார். ஒரு சட்டத்தின் முனையை இன்னொன்றின் துளையில் செருகி, கழுந்து போட்ட மூலைகளில் மட்டும்தான் பசையும் மூங்கில் ஆணியும்.

கீலில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு கன அடி தேக்கு 18 கிலோ வரும். இந்த அளவுக் கதவு ஐம்பது கிலோவைத் தாண்டும். கடையில் மூன்று கீல் போதும் என்பார்கள். நாங்கள் ஐந்து அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் நான்கு போட்டோம். அம்மா ஒரு விரலால் தள்ளினால் போகிறது.

பூட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் தெருவில் தனியாக இருந்த ஒரு பெரியம்மா உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் குளியலறையில் விழுந்துவிட்டார். கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். வயசானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் மட்டும் போதாது. உள்ளே சாவியில்லாமல் குமிழைத் திருகித் திறக்கிற மாதிரி, வெளியே சாவி போட்டால் எப்போதும் திறக்கிற மாதிரி பூட்டு வேண்டும். சாவி ஒன்று நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். இழுத்து மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா பேப்பர் எடுக்க வெளியே வந்து காற்றில் கதவு சாத்திக்கொண்டால் என்ன செய்வார்? பழைய கதவில் தொங்கிய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டை எறியவில்லை, கொல்லைக் கதவில் மாட்டியிருக்கிறேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. எங்களுடையது அதற்கு முப்பது வருஷம் மூத்தது, இன்னும் ஒரே சுற்றில் திறக்கிறது.

இரும்புக் கதவு மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். கரையான் இல்லை, உப்பாது. நல்ல மரத்துக்கு வழியில்லாதவர்கள் வெள்ளை கலந்த தேக்கை வாங்குவதைவிட அதை வாங்கலாம். ஆனால் கடலோர ஊரில் கீழ் விளிம்பு துருவேறுவதைப் பார்த்திருக்கிறேன். மேற்கு வெயில் படும் வாசலில் மதியம் கை வைக்க முடியாது. எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. வாஸ்துக்கு நல்லது என்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை நேராக வாசலில்தான் அடிக்கிறது. அதனால் கதவுக்கு மேல் சன்ஷேடை இரண்டு அடி வெளியே நீட்டினோம். கதவுக்குப் போட்ட பாலிஷைவிட அதுதான் கதவைக் காப்பாற்றும் என்று நினைக்கிறேன்.

நேற்று ராத்திரி இந்த வருஷத்தின் முதல் பெருமழை. விடிகாலையில் கதவு சிக்கியிருக்குமோ என்று எழுந்து போனேன். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அம்மா கல்லுக்கு அந்தப் பக்கம் வாக்கரோடு நின்று, கீரைக்காரம்மாவிடம் முளைக்கீரைக் கட்டு ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.