நாலு அடிக் கிடங்கு

(கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பின்வளவு. மே மாதச் சனிக்கிழமை. அத்தான் இடுப்பளவு கிடங்குக்குள் அலவாங்கோடு நிற்கிறார். மச்சான் கோப்பியோடு வருகிறார்.)

மச்சான்: என்ன அத்தான், கிணறா?

அத்தான்: டெக் போடுகிறேன். குசினிக் கதவுக்கு வெளியே ஒரு மரத் தளம்.

மச்சான்: டெக் மேலேதானே வரும்? நீங்கள் கீழே போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

அத்தான்: தூணுக்கு 4 அடி ஆழம் வேணும். பனிக்காலத்தில் மண்ணில் இருக்கிற ஈரம் உறைந்து வீங்கி, தூணையே மேலே தள்ளிவிடும்.

மச்சான்: ஊரில் பந்தலுக்கு ஒரு முழம் கிண்டினால் போதும்.

அத்தான்: அது மூன்றாம் நாள் பிடுங்குகிற பந்தல். இதில் உன் பெரியப்பா ஏறி உட்காருவார்.

மச்சான்: அப்ப 6 அடியாகக் கிண்டுங்கோ. அதுசரி, நிலத்துக்குக் கீழே காஸ் குழாய் போகாதா?

அத்தான்: கிண்ட முதல் குழாய்களை அடையாளம் காட்டுகிற ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு முதலே அறிவித்துவிட்டேன். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆட்கள் வந்து காஸ் குழாய் போகிற இடத்தில் மஞ்சள் பெயின்ற் அடித்துவிட்டுப் போனார்கள்.

மச்சான்: எங்கே?

அத்தான்: உன் காலடியில்.

(மச்சான் ஒரே பாய்ச்சலில் வேலியோரம் போய், அங்கே அடுக்கியிருக்கும் பலகையை அளக்கிறார்.)

மச்சான்: அத்தான், ஏமாற்றிவிட்டார்கள்! பில்லில் 2க்கு 6 அங்குலம். இது ஒன்றரைக்கு ஐந்தரை!

அத்தான்: கத்தாதே. சீவி, காய்ந்த பிறகு அவ்வளவுதான் நிற்கும். பெயர் மட்டும் 2க்கு 6.

மச்சான்: நானும் ஐந்தரை அடிதான். கல்யாணத் தரகரிடம் மரக் கணக்கில் 6 அடி என்று சொல்லட்டோ?

அத்தான்: சொல்லு. பொம்பிளை வீட்டார் டேப்போடு வருவார்கள்.

மச்சான்: சரி, டெக் கட்ட நகரசபைப் பெர்மிட் எடுத்தாச்சா?

அத்தான்: நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேலே போனால்தான் பெர்மிட், கைபிடி வேலி எல்லாம். நான் 58இல் நிற்பாட்டுகிறேன். (கண் சிமிட்டுகிறார்.)

மச்சான்: குசினிக் கதவு எவ்வளவு உயரம்?

அத்தான்: 90.

மச்சான்: அப்ப அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்து குதிக்கிறதோ?

அத்தான்: இடையிலே ஒரு படி வைப்பேன்.

மச்சான்: முழங்கால் நோகுது, படி இறங்க ஏலாது என்றுதானே அக்கா டெக்கே கேட்டது?

(அத்தான் அலவாங்கைக் கீழே போடுகிறார். கோப்பியை வாங்கி ஒரே மூச்சில் குடிக்கிறார்.)

அத்தான்: லப்டொப்பை எடுத்துக்கொண்டு வா. பெர்மிட்டுக்குப் போடுவோம்.

மச்சான்: அதற்கு வரைபடம் கேட்பார்களே. யார் கீறுகிறது?

அத்தான்: நீதான். ஆனால் தரகருக்குச் சொல்கிற கணக்கை அதில் எழுதிவிடாதே.