மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்தால் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் சபரிமலைக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டியோடு நடமாடும் கன்னிசாமிகளில் பத்தாவது, பிளஸ் டூ பையன்கள் நிறைய. அவர்களில் சிலர் ஐப்பசி வரை தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒளிந்து தம் அடித்தவர்கள். மாலை விழுந்த அன்றோடு விட்டுவிடுகிறார்கள். குறைந்தது 41 நாள் தொடுவதில்லை.

தையில் மாலை கழற்றியதும் மறுபடி அதே பெட்டிக்கடை. வீட்டிலும் "அதான் விரதம் முடிஞ்சிடுச்சே" என்று இருந்துவிடுகிறோம். எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

சிகரெட்டை விட்டவனுக்கு முதல் சில நாள்தான் பெரும்பாடு. எரிச்சல் வரும், தூக்கம் வராது, படிப்பில் மனசு நிற்காது. மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியென்றால் அந்தப் பையன் கார்த்திகை முடியும்போதே கஷ்டமான கட்டத்தைத் தாண்டிவிட்டான்! பிறகு ஏன் திரும்பிப் போகிறான்?

விரத காலத்தில் விடியலில் குளியல், சாயங்காலம் பஜனை, அன்னதானத்தில் பரிமாற ஒரு வேலை. பெற்ற அப்பாவே மரியாதையாகப் பேசுகிறார். மாலையோடு அத்தனையும் போய்விடுகிறது. சாயங்காலம் கூப்பிட மிஞ்சியிருப்பது பழைய கூட்டாளிகள் மட்டும்தான்.

"சாமி கண்ணைக் குத்தும்" என்று மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பயந்த பிள்ளை இன்னும் நன்றாக ஒளியத்தான் கற்றுக்கொள்ளும். பக்தி பையனைக் காப்பாற்றுவது நாலு பேரோடு உட்கார வைப்பதால்தான். ரமலானில் பகலெல்லாம் புகையைத் தொடாத பையனுக்கும், தவக்காலத்தில் விட்டிருக்கும் பையனுக்கும் இதையேதான் சொல்வேன்.

2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைத் தொடுகிறார்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனாலும் ஒத்தை சிகரெட் பையன் கைக்கு வந்துவிடுகிறது.

குருசாமிகளே, மாலையைக் கழற்றும்போதே அடுத்த சனிக்கிழமை பஜனைக்கு வரச்சொல்லி அனுப்புங்கள். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது நீர்மோர் ஊற்றும் பொறுப்பை இந்தப் பையன்களிடம் கொடுங்கள். அவர்கள் கண்ணெதிரே மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பற்றவைக்கும் பெரியவர்கள், தயவுசெய்து நிறுத்துங்கள்.

தனியாக விட முடியாமல் தவிக்கிற தம்பிகளுக்கு: 1800-11-2356. புகையிலையை விட உதவும் அரசின் இலவச எண், கூப்பிடுங்கள்.